உலக்கைக்கு அந்தப் பக்கம் ஒரு பனிமலை

காலை ஆறு இருபது. கொல்லைக் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, தரையில் குறுக்கே கிடந்த உலக்கை. அதற்கு அந்தப் பக்கம், முந்தின நாள் வரை அங்கே இல்லாத ஒரு பனை ஓலைக் குச்சில். அதன் வாசலில் என் அக்காளின் இரண்டு பாதங்கள் மட்டும் தெரிந்தன. நேரம் எப்படி நினைவிருக்கிறது என்று கேட்பீர்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டைக்கு வரும் முதல் பஸ் ஆறு இருபதுக்கு எங்கள் தெருமுனையில் ஹாரன் அடிக்கும். அந்த ஹாரன் கேட்டுக்கொண்டிருந்தது.

நம் வயதுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சொல்கிறேன். பெண் பெரியவளானால் தாய்மாமன் வந்து ஓலையில் ஒரு சின்னக் குடிசை கட்டுவார். பதினாறு நாள் அவள் அதற்குள் இருக்க வேண்டும். தட்டு, தம்ளர், பாய் எல்லாம் தனி. அவள் தொட்ட எதுவும் தண்ணீர் தெளிக்காமல் வீட்டுக்குள் வரக் கூடாது. எல்லைக்கு உலக்கை. எங்கள் மாமன் திருச்சுழிப் பக்கத்துக்காரர். நான் தூங்கிய பிறகு ஓலையோடு வந்து கட்டியிருக்கிறார். அக்காளிடம் போன வாரம் தொலைபேசியில் சரிபார்த்தேன். பதினாறு இல்லை, பதினொன்று என்கிறாள். நான் பதினாறு என்றே எழுதுகிறேன். வெளியே நின்று எண்ணியவள் நான்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உங்களில் சிலர் கேட்ட கேள்வி. பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக வரும் சித்திரக்கதை இதழ்களைப் பற்றி மாதம் ஒரு குறிப்பு எழுதி வருகிறேன். கதை எப்படிச் சொல்லப்பட்டிருக்கிறது, படம் எப்படி வரையப்பட்டிருக்கிறது என்று இரண்டு பகுதி. புதிய இதழ் வந்தால் முதலில் அதை அலமாரியில் விரித்து நிறுத்தி, எழுத்து தெரியாத தூரத்துக்குப் போய் நின்றுகொள்வேன். இது என்ன பழக்கம் என்று கேட்டீர்கள். பழக்கம் என்னுடையது அல்ல.

அக்காள் அப்போது ஒன்பதாம் வகுப்பு, நான் ஐந்தாம் வகுப்பு. தை மாதம் முடியப்போகிற நேரம். பெரியவளான பிறகு பள்ளிக்கூடம் போன பெண் அதுவரை எங்கள் நெசவாளர் தெருவில் கிடையாது. குச்சில் கட்டிய மறுநாள் மாமன் அப்பாவிடம் அதைப் பற்றிக் கேட்டார். "சடங்கு முடியட்டும் மாப்ள, பாப்போம்" என்றார் அப்பா. ஓலைக்கு உள்ளே இருந்து அக்காள் அதைக் கேட்டுவிட்டாள். மாமன் போனதும் என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா 'மாட்டேன்'னு சொல்லலல்ல?"

"சொல்லலக்கா."

"நல்லா ஞாபகம் இருக்கா? 'பாப்போம்'னுதான சொன்னாக?"

அன்று அதையே மூன்று முறை கேட்டாள்.

மூன்றாம் நாள் அவளுக்குச் சலிப்பு தாங்கவில்லை. "எதாச்சும் படிக்கக் கொண்டாடி" என்றாள். தெருமுனையில் ஒரு கடை. கடைக்காரரை எல்லாரும் பாய் என்போம். கொடியில் துணி காயப்போட்டது போல அவர் கடை வாசலில் சித்திரக்கதைகள் தொங்கும். மடிக்காமல், எச்சில் தொடாமல் படித்துத் திருப்பித் தர வேண்டும் என்பது அவர் சட்டம். புதிதாக வந்த இதழ் ஒன்றை வாங்கி வந்தேன். அம்மா கொல்லைக் கதவிலேயே மறித்தாள்.

"அவ தொட்ட பொஸ்தகத்த நாளைக்கு எப்பிடிடி திருப்பிக் குடுப்ப? துணின்னா அலசலாம். காயிதத்துல தண்ணி தெளிச்சா என்னாகும்?"

நானும் யோசித்தேன், அம்மாவும் யோசித்தாள். கடைசியில் அம்மாவே தீர்ப்புச் சொன்னாள். "நீ உலக்கைக்கு இங்கிட்டு நின்னு விரிச்சுப் புடி. அவ அங்கிட்டு இருந்து பாத்துக்கிரட்டும். பொஸ்தகம் உலக்கையத் தாண்டுச்சு, ரெண்டு பேருக்கும் இருக்கு."

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஆறடி இருக்கும். அந்தத் தூரத்தில் எழுத்து எறும்புச் சாரை போலத்தான் தெரியும். ஆகவே வசனத்தை நான் தலைகீழாக எட்டிப் பார்த்து உரக்க வாசிப்பேன்; படத்தை அவள் பார்ப்பாள். முதல் பக்கத்தை வாசித்துவிட்டுத் திருப்பப் போனேன்.

"திருப்பாத."

"படிச்சு முடிச்சாச்சுக்கா."

"நீ படிச்ச. நான் இன்னும் பாக்கல."

கை வலித்தது. தோளில் வெயில் ஏறியது. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அந்த இதழில் புதிய தொடர் ஒன்று தொடங்கியிருந்தது. முத்திரையிட்ட தோல்பை ஒன்றைச் சுமந்து பனிமலையைக் கடக்கும் ஒருவன். கூட ஒரு நாய். அதற்கு இடது காது மடிந்திருக்கும். வெளிநாட்டுக் கதை. படம் அவர்களுடையது, வசனம் மட்டும் தமிழில் எழுதி ஒட்டியது. பனி என்றால் என்ன என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. ஐஸ் வண்டிக்காரன் பெட்டிக்குள் சுவரில் படிந்திருக்கும் வெள்ளையைத்தான் பார்த்திருந்தோம். எங்கள் ஊரில் அந்த மாதத்தில் வெள்ளையாகத் தெரிவது காடுகளில் வெடித்து நிற்கும் பருத்தி மட்டும்தான். நான் கதையைப் பற்றிக் கேட்டேன், பையில் என்னக்கா இருக்கும் என்று. அவள் அதைக் காதில் வாங்கவில்லை.

"அவன் பனிய வரையவே இல்லடி" என்றாள்.

"இந்தா இருக்கே, மலை முழுக்க."

"எங்க இருக்கு? கோடு எங்க இருக்குன்னு காட்டு."

பார்த்தேன். கோடு இல்லை. பாறை இருந்தது, மரம் இருந்தது, மனிதன் இருந்தான், நாயின் நிழல் இருந்தது. அவற்றை எல்லாம் வரைந்துவிட்டு, மீதித் தாளை அப்படியே விட்டிருந்தான். விட்டதுதான் பனி. தாள் மட்டமான தாள், காவி ஏறியது. ஆனாலும் குளிர்ந்தது. என் கையில் இருந்த புத்தகத்தில் அது ஒரு மணி நேரமாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. ஆறடி தள்ளி இருந்தவளுக்குத் தெரிந்தது. பிறகு முப்பது ஆண்டுகள் பக்கம் அமைக்கும் மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். வெற்றிடம் விடத் தெரிந்தவர்களை அங்கேயும் விரல் விட்டு எண்ணலாம்.

அன்று முதல் ஒரு நோட்டு போட்டோம். பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள். இடப்பக்கம் கதை, வலப்பக்கம் படம். கதைக்கு நான் மதிப்பெண் போடுவேன். படத்துக்கு அவள் சொல்லுவாள், நான் எழுதுவேன். நோட்டை அவள் தொடக் கூடாது அல்லவா. அந்த நோட்டு எந்த வெள்ளையடிப்பில் போனதோ தெரியாது. சில வரிகள் மட்டும் நினைவில் இருக்கின்றன. ஒரு துப்பறியும் கதைக்கு: "இந்த ஆள் எல்லாக் கட்டத்திலும் நம்மையே பார்க்கிறான். திருடனை எப்போது பார்ப்பான்?" ஒரு காட்டுக் கதைக்கு: "புலி நன்று. புலியைக் கண்டவன் முகத்தில் பயம் இல்லை, பல் வலி இருக்கிறது." பனிமலைக்கு: "கதைக்கு ஆறு. படத்துக்கு ஒன்பதரை." அரை மதிப்பெண் ஏன் குறைத்தாய் என்றதற்கு, "அடுத்த மாசம் என்ன பண்றான்னு பாப்போம்" என்றாள்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது பாய் கேட்பார். "என்னத்தா, ஒங்கக்கா என்ன சொல்லுது?" நான் நோட்டைப் பார்த்து ஒப்பிப்பேன். ஒரு நாள் பார்த்தேன், அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பின் அட்டையில் சின்னதாகக் குறித்தார்: க 6, ப 9½. பிறகு எல்லா இதழ்களிலும் அது வந்தது. கடை வாசலில் பையன்கள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். சண்டையும் நடந்தது.

"ஏலே, யார்லே இது படத்துக்கு மூணு போட்டது? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"நீ கையப் பாருலே. அவனுக்கு ஆறு வெரலு. எண்ணிப் பாரு."

எண்ணினார்கள். ஆறு விரல் இருந்தது. அதன்பின் யாரும் மதிப்பெண்ணைப் பற்றிப் பேசவில்லை. யார் போடுவது என்று கேட்டால் பாய், "மெட்ராஸ்ல இருந்து வருது" என்பார். அதை நான் குச்சில் வாசலில் சொன்னபோது அக்காள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஓலை ஆடியது.

ஒன்பதாம் நாள். பனிமலையையே மறுபடி எடுத்து வரச் சொன்னாள். நடுவில் அரைப் பக்கத்துக்கு ஒரு பெரிய படம்: பாலத்தில் அவனும் நாயும். எனக்கு அந்த இடத்தில் ஒரு சந்தேகம் உண்டு. அதுவரை பையை இடது தோளில் போட்டிருந்தவன் பாலத்தில் வலது தோளில் போட்டிருக்கிறான். இவன் வேறு ஆள், வேஷம் போட்ட எதிரி, அடுத்த இதழில் பிடிபடுவான் என்று நான் முடிவு செய்து, கதைப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தேன். அக்காளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆளு மாறல. நாயப் பாரு."

நாய்க்கு வலது காது மடிந்திருந்தது.

"நாயுமா வேஷம் போடும்? மத்த படத்துல சட்டைப் பொத்தானு எந்தப் பக்கம்? இதுல எந்தப் பக்கம்? படத்தத் திருப்பி வச்சு அச்சடிச்சுட்டாக. எழுத்து இங்க எழுதுனது, அதான் நேரா இருக்கு."

புத்தகத்தைக் கையில் வைத்திருந்தவள் நான். பத்து முறை படித்தவள் நான். பொத்தானை அவள் ஆறடியில் பார்த்திருக்கிறாள். அன்று எனக்கு வந்த உணர்வுக்குச் சரியான பெயர் வியப்பு. கொஞ்சம் பயமும் சேர்ந்தது.

"இத அவுகளுக்கு எழுதிப் போடுவோம்க்கா" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல அஞ்சலட்டையில் எழுதினேன். கடைசியில், "பேரு போடாதடி" என்றாள். சரி என்றேன். ஆனால் இதழில், பெயரும் முழு முகவரியும் இல்லாத கடிதங்கள் பரிசீலிக்கப்படா என்று போட்டிருந்தது. அந்த வரியை நான் படித்திருந்தேன். தபால் பெட்டிக்குப் போகும் வழியில், பாய் கடைப் பலகையில் வைத்து, அக்காளின் பெயர், அப்பாவின் முதலெழுத்து, கதவு எண், தெரு, ஊர் எல்லாவற்றையும் எழுதினேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

பதினைந்தாம் நாள், மறுநாள் சடங்கு என்ற நிலையில், பதில் வந்தது. அதுவும் அஞ்சலட்டை. அஞ்சலட்டைக்கு மூடி கிடையாது. தபால்காரர் படித்தார். எங்கள் தெரு தொடங்கும் இடத்தில் நூல் உலர்த்திக்கொண்டிருந்தவர்களிடம் படித்துக் காட்டினார். பதினோரு வீடு தாண்டி அது எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தறியில் இருந்த அப்பாவிடம் ஏற்கெனவே மூன்று பேர் சொல்லியிருந்தார்கள். குச்சிலில் இருக்கிற பெண்ணுக்கு மெட்ராஸிலிருந்து ஒரு ஆள் எழுதியிருக்கிறான் என்று.

எழுதியிருந்தது இவ்வளவுதான். தாங்கள் சுட்டியது முற்றிலும் சரி. பிலிம் திருப்பி வைக்கப்பட்டுவிட்டது. எங்களில் ஒருவரும் கவனிக்கவில்லை. இனி வரும் இதழ்களின் படங்களை அச்சுக்கு முன்பே தங்களுக்கு அனுப்பினால் பார்த்துச் சொல்ல இயலுமா? முதல் தொகுதியை விரைவில் அனுப்பி வைக்கிறோம். கீழே ஆசிரியரின் கையெழுத்து. அவர் அக்காளை ஒரு வளர்ந்த மனிதராக, அநேகமாக ஓவிய ஆசிரியராக நினைத்திருக்க வேண்டும். அப்பா அவரை என்னவாக நினைத்தார் என்று நான் எழுத விரும்பவில்லை.

அப்பா கத்தவில்லை. அட்டையை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அம்மாவிடம் மட்டும் சொன்னார்: "நாளைக்குச் சடங்கு முடிஞ்சதும் அவ தார் சுத்தட்டும். பள்ளிக்கூடம் வேணாம்."

"அவ தப்பா ஒண்ணும் எழுதலயேங்க, சின்னவதான…"

"என்ன எழுதுனான்னு தெருவுக்குத் தெரியுது. எனக்குத்தான் கடைசியாத் தெரியுது."

உலக்கைக்கு இந்தப் பக்கம் நின்று, பெயர் போட்டது நான்தான் என்று அக்காளிடம் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. "அந்த அட்டைல என்ன எழுதியிருந்துச்சு, முழுசாச் சொல்லு" என்றாள். சொன்னேன். "முற்றிலும் சரின்னா எழுதியிருந்தாக?" என்றாள். பிறகு ஓலைப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சடங்குக்கு நரிக்குடியிலிருந்தும் மல்லாங்கிணற்றிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்தார்கள். குச்சிலைப் பிரித்து எரித்தார்கள். அக்காள் வீட்டுக்குள் வந்து, மறுநாளே ராட்டையின் முன் உட்கார்ந்து தார் சுற்றத் தொடங்கினாள். தார் என்பது தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் நூல் சுற்றிய குச்சி. அவள் சுற்றியவை ஒன்றுபோல ஒன்று இருக்கும். பள்ளிக்கூட மணி எங்கள் வீட்டுக்குக் கேட்கும். அது அடிக்கும்போதெல்லாம் ராட்டை நின்று, பிறகு சுற்றும். ஆண்டுத் தேர்வுக்கு ஐந்து வாரம் இருந்தது.

அடுத்த இதழ் மாசிக் கடைசியில் வந்தது. பாய், மதுரை பஸ்ஸின் கூரையிலிருந்து இறங்கிய இதழ்க் கட்டைப் பிரித்தபோது நான் அங்கே இருந்தேன். அவர் ஒரு பக்கத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னிடம் நீட்டினார்.

வாசகர் பக்கம். பாலத்துப் படம் இரண்டு முறை அச்சாகியிருந்தது: தவறானது ஒருபுறம், சரியானது மறுபுறம். மேலே கடிதம். கீழே அக்காளின் பெயர், தெரு, ஊர்.

"மாமு, எல்லாத்தையும் உள்ள வச்சிருங்க. தொங்க விடாதீக" என்று பாயிடம் சொன்னேன். அழுகை வந்துவிட்டது.

"எங்கிட்ட ஏழு காப்பி இருக்குத்தா. ஒளிச்சிருவேன். விருதுநகர்ல தொங்குமே, மதுரைல தொங்குமே. அங்கிட்டுப் போயி யாரு ஒளிக்கிறது?"

எனக்கு அப்பா சொன்ன வாக்கியம் நினைவுக்கு வந்தது. செய்தியல்ல, கடைசியாகத் தெரிந்ததுதான் அவருக்கு அடி. இதழை எடுத்துக்கொண்டு ஓடினேன். பாய், "இன்னைக்கு மத்தியானம் வரைக்கும் கட்டப் பிரிக்கல நான்" என்று பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார்.

அப்பா தறிக்குழியில் இருந்தார். பட்டுக் கரைச் சேலை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, இத இன்னும் யாரும் பாக்கல. நீங்கதான் மொதல்ல பாக்குறீக" என்று சொல்லி நீட்டினேன். பெயர் போட்டது நான் என்பதையும், அவள் வேண்டாம் என்று சொன்னதையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

கால் மிதியை நிறுத்தினார். கடிதத்தை அவர் படிக்கவில்லை. இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மாதிரிச் சேலைகளை முகம் கீழே இருக்கும்படி நெய்வார்கள்; நெய்பவர் பார்ப்பது முதுகுப் பக்கம். பூ சரியாக விழுகிறதா என்று அறிய, தறிக்கு அடியில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்திருப்பார்கள். அப்பா குனிந்து அந்தக் கண்ணாடியை எடுத்தார். தவறான படத்தின் ஓரத்தில் செங்குத்தாக நிறுத்தினார். கண்ணாடிக்குள் பை இடது தோளுக்குப் போனது. நாயின் இடது காது மடிந்தது. இரண்டு படங்களும் ஒன்றாயின.

வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

"இது எம்புட்டுத் தூரத்துல இருந்து பாத்தா?"

"ஆறடிப்பா. பொஸ்தகத்த அவ தொடல. நான்தான் புடிச்சிருந்தேன்."

"பெரியவள வரச் சொல்லு."

அக்காள் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா இதழைப் புரட்டி, புதிதாக வந்திருந்த பனிமலைப் பக்கங்களை அவளை நோக்கி உயர்த்திப் பிடித்தார்.

"இதுல எதுவும் தப்பு இருக்கா?"

அவள் அருகே வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே பார்த்தாள். அப்பா பக்கத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

"அந்தக் கீழ் மூலைல, சின்னக் கட்டம். கூடாரக் கயித்துல முடிச்சு எதிர்ப்பக்கம் விழுந்திருக்கு. திரும்பவும் திருப்பி வச்சுட்டாக."

அப்பா கண்ணாடியை வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். நல்ல நெசவைக் கையில் வாங்கித் தடவும்போது அவருக்கு வரும் சிரிப்பு அது. "எட்டு வயசுல இவளக் கண்ணாடி புடிக்கச் சொன்னேன்" என்று, எங்களிடம் அல்லாமல் தறியிடம் சொன்னார். "கை நடுங்காமப் புடிக்கிறாளேன்னு மட்டும்தான் பாத்தேன்."

அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றிருந்தாள். அப்பா இதழை மூடினார்.

"திங்கக்கெழமை பள்ளிக்கூடம் போ. நானே சைக்கிள்ல கொண்டுபோயி விடுதேன். எவன் என்ன கேட்டாலும் எங்கிட்டக் கேக்கட்டும்." கண்ணாடியைத் தறிக்கு அடியில் திரும்ப வைத்தார். "ஆனா இந்தப் பொஸ்தகம் இனிமே நம்ம வீட்டுக்கு வேணாம். எழுதுறதும் வேணாம், அங்கிருந்து வாரதும் வேணாம். அந்த ஆளு யாரு என்னன்னு நமக்குத் தெரியாது. தெருவுல ஒண்ணுக்குத்தான் என்னால பதில் சொல்ல முடியும், ரெண்டுக்கு முடியாது."

அதை அவர் பெரிய விட்டுக்கொடுத்தலாகத்தான் நினைத்தார். அன்றைக்கு எனக்கும் அப்படித்தான் பட்டது.

அக்காள், "சரிப்பா" என்றாள். அவர் பேசி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டாள்.

திங்கட்கிழமை எட்டரைக்கு அப்பா அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, தெருவின் நடுவாக, அவசரமில்லாமல் மிதித்துப் போனார். அந்த வாரச் சனிக்கிழமை அக்காள் தனி வகுப்புக்குப் போயிருந்தாள். பதினொரு மணி சுமாருக்குத் தபால்காரர், மெட்ராஸ் இதழிலிருந்து வந்த ஒரு தடித்த உறையோடு வந்தார். மடிக்கக் கூடாது என்று அதில் சிவப்பு மையில் எழுதியிருந்தது. அம்மா, வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுங்கள் என்றாள். அதை உறையின் மேல் யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார் அவர். அம்மாவுக்கு எழுதத் தெரியாது. 'வாங்க மறுக்கப்பட்டது' என்று எழுதியது நான்.